ரெனெகாதோ: மறுதலித்தவன் துரோகியான வரலாறு

ஆங்கிலம், ஸ்பானியம், போர்ச்சுகீசியம் ஆகிய மூன்று மொழிகளும் துரோகியைக் குறிக்கப் பொதுவாக வைத்திருக்கும் சொல் எது, அது மூன்றிலும் எப்படிப் பரவியது, 16ஆம் நூற்றாண்டுக் கோவாவைப் பற்றிய குறிப்புகளைத் தமிழாக்கும்போது அதைத் 'துரோகி' என்றே எழுதிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல் 'ரெனெகாதோ'. ஸ்பானியத்திலும் போர்ச்சுகீசியத்திலும் அதன் எழுத்து ஒன்றே. கடைசி ஓகாரத்தைப் போர்ச்சுகீசியர் உகரம் போல ஒலிப்பார்கள் என்பதுதான் வேறுபாடு. ஆங்கிலம் அதை ஸ்பானியத்திலிருந்து அப்படியே எடுத்துச் சில காலம் ஓகாரத்தோடு எழுதி வந்து, பிறகு வாலை நறுக்கி 'ரெனிகேட்' ஆக்கிக்கொண்டது. ஆங்கில 'டிரெய்ட்டர்', ஸ்பானியத்திலும் போர்ச்சுகீசியத்திலும் உள்ள 'த்ரைதோர்' என்னும் இணையும் ஒரே வேரிலிருந்து வந்ததுதான். யூதாஸ் என்னும் பெயரும் மூன்று மொழிகளிலும் வசவாக வழங்குகிறது. ஆனால் கோவாவைப் பற்றிய குறிப்பு என்கிறீர்கள் என்பதால் நீங்கள் தேடுவது ரெனெகாதோவாகத்தான் இருக்க வேண்டும். அதைத் துரோகி என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

லத்தீனில் 'நெகாரே' என்றால் மறுத்தல், இல்லை என்று சொல்லுதல். அதற்கு முன்னொட்டுச் சேர்த்து அழுத்தம் கொடுத்த வடிவம் 'ரெனெகாரே'. இடைக்கால லத்தீனில் 'ரெனெகாத்துஸ்' என்றால் தன் சமயத்தை மறுதலித்தவன். தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு இந்த 'மறுதலித்தல்' நன்கு பழகிய சொல். இயேசு கைதான இரவில் அவரைத் தெரியாது என்று பேதுரு மும்முறை மறுதலித்தான். அதே இரவில் யூதாஸ் அவரைக் காட்டிக்கொடுத்தான். இரண்டும் நம்பிக்கை தவறிய செயல்கள் என்றாலும் ஒரே குற்றமல்ல. ரெனெகாதோவின் வேர் பேதுரு செய்த செயலில் இருக்கிறது. 'டிரெய்ட்டர்', 'த்ரைதோர்' ஆகியவற்றின் வேரான 'த்ராதேரே' யூதாஸ் செய்த செயலைக் குறிக்கிறது. பிறர் கையில் ஒப்படைத்தல் என்பது அதன் பொருள். 303ஆம் ஆண்டில் ரோமப் பேரரசன் தியோக்கிளேஷியன் கிறித்தவர்களைத் துன்புறுத்தியபோது, உயிருக்கு அஞ்சி வேத ஏடுகளை அதிகாரிகளிடம் ஒப்படைத்த குருக்களை 'த்ராதித்தோர்' என்று சக கிறித்தவர்கள் பழித்தார்கள். அந்தப் பழிச்சொல்லை ஒட்டி வட ஆப்பிரிக்கத் திருச்சபையே இரண்டாகப் பிளந்தது. ஆக, ஒப்படைத்தவன் வேறு, மறுத்தவன் வேறு. மறுத்தவன் அழுது திரும்பி வரலாம். பேதுரு திரும்பி வந்தான். ரெனெகாதோவின் வரலாறு முழுவதும் அந்த வாசல் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதைப் பற்றியதுதான்.

ஸ்பெயினும் போர்ச்சுகலும் அமைந்த ஐபீரியத் தீபகற்பத்தில் பல நூற்றாண்டுகள் கிறித்தவ அரசுகளும் இஸ்லாமிய அரசுகளும் அடுத்தடுத்து இருந்தன. எல்லை தாண்டுவதும் சமயம் மாறுவதும் அங்கே அன்றாட நிகழ்வுகள். எனவே இதற்கு அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் இருந்தன. கிறித்தவராக மாறிய முஸ்லிமையும் யூதரையும் 'தோர்னதீசோ', அதாவது புரண்டவன், என்று தெருவில் இகழ்ந்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் காஸ்டில் அரசன் பத்தாம் அல்போன்சோ தொகுப்பித்த சட்டநூல் அப்படி இகழ்வதைத் தடை செய்கிறது. இந்த வசவுக்கு அஞ்சியே பலர் கிறித்தவராகாமல் நின்றுவிடுகிறார்கள் என்று காரணமும் சொல்கிறது. மறுபக்கம், இஸ்லாத்துக்கு மாறிய கிறித்தவர்களை, ஸ்பெயினின் கடைசி இஸ்லாமிய அரசான கிரனாடாவில் 'எல்சே' என்றார்கள். அது அரபுச் சொல்லான 'இல்ஜ்' என்பதன் ஸ்பானிய வடிவம். 1491இல் கிரனாடா சரணடைந்தபோது எழுதப்பட்ட உடன்படிக்கையில் இந்த எல்சேக்களை யாரும் இழிவாகப் பேசவோ துன்புறுத்தவோ கூடாது என்று தனி விதியே சேர்க்கப்பட்டது. எட்டே ஆண்டுகளில், 1499இல், பேராயர் சிஸ்னெரோஸ் முதலில் கை வைத்தது அவர்கள் மேல்தான். ஞானஸ்நானம் பெற்றவர் எங்கே போனாலும் திருச்சபையின் உடைமை என்பது அவர் வாதம். அதிலிருந்து கிரனாடா நகரின் அல்பைசின் பகுதியில் கலகம் வெடித்தது. அந்தக் கலகத்தைக் காரணம் காட்டிக் கிரனாடாவின் முஸ்லிம்கள் அனைவரும் மதமாற்றத்துக்கு உட்படுத்தப்பட்டார்கள். அந்தப் பெருந்துயரம் இந்த ஒரு சிறு கூட்டத்தின் பெயரைச் சொல்லித்தான் தொடங்கியது.

ரெனெகாதோ என்னும் சொல் எல்லா மொழிகளுக்கும் பரவியது மத்தியதரைக் கடல் வழியாக. 16ஆம் நூற்றாண்டில் அல்ஜியர்ஸ், தூனிஸ், திரிப்போலி ஆகிய வட ஆப்பிரிக்கத் துறைமுகங்களின் கடற்கொள்ளைக் கப்பல்கள் இத்தாலி, ஸ்பெயின் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கானோரைப் பிடித்துச் சென்றன. மால்ட்டாவிலும் இத்தாலியத் துறைமுகங்களிலும் இருந்த கிறித்தவக் கொள்ளையர் முஸ்லிம்களை அதே வகையில் பிடித்து விற்றார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பிடிபட்டவரை மீட்கப் பணம் வர வேண்டும். வராவிட்டால் துடுப்புப் பலகையில் சங்கிலியோடு சாக வேண்டும். இல்லையேல் ஆட்காட்டி விரலை வானை நோக்கி உயர்த்தி இஸ்லாமிய உறுதிமொழியைச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் உடனே விடுதலை கிடைத்துவிடாது என்றாலும் துடுப்பிலிருந்து கரையேற ஒரு வழி பிறக்கும். திறமை இருந்தால் மேலே ஏறவும் முடியும். 1581 அளவில் அல்ஜியர்ஸின் கொள்ளைக் கப்பல் தலைவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இப்படி மாறியவர்களே என்று அங்கே கைதியாக இருந்த ஒருவரின் குறிப்பு பட்டியலிட்டுக் காட்டுகிறது.

அவர்களில் மிகப் புகழ்பெற்றவர் உலுச் அலி. இத்தாலியின் கலாப்ரியா கரையில் லெ காஸ்தெல்லா என்னும் மீனவ ஊரில் பிறந்து, 1536இல் பிடிபட்டு, துடுப்படிமையாகப் பல ஆண்டுகள் கிடந்து, மதம் மாறி, அல்ஜியர்ஸின் ஆளுநராக உயர்ந்தவர். 1571இல் கிரேக்கக் கரையருகே லெப்பாந்தோ கடற்போரில் கிறித்தவக் கூட்டணியிடம் துருக்கியரின் உதுமானியப் பேரரசுக் கடற்படை அழிந்தபோது, அதன் இடது அணியை நடத்திய இவர் மட்டும் மால்ட்டா வீரர்களின் கொடியைக் கைப்பற்றிக்கொண்டு கணிசமான கப்பல்களோடு தப்பித்து இஸ்தான்புல் சேர்ந்தார். பேரரசின் கடற்படைத் தலைவர் பதவி அவருக்குக் கிடைத்தது. 1587இல் இறக்கும்வரை அதில் இருந்தார். தோப்ஹானே பகுதியில் கட்டடக் கலைஞர் சினான் அவருக்காகக் கட்டிய மசூதி இன்றும் நிற்கிறது. அவருடைய பெயரில் உள்ள 'உலுச்' என்பது மேலே சொன்ன 'இல்ஜ்' என்னும் அதே அரபுச் சொல்லிலிருந்து வந்தது.

இதே லெப்பாந்தோவில் இடது கை செயலிழந்த ஒரு ஸ்பானியச் சிப்பாய் 1575இல் பிடிபட்டு, நான்கு முறை தப்ப முயன்று தோற்று, 1580இல் 500 எஸ்குதோ கொடுத்து மீட்கப்படும்வரை அல்ஜியர்ஸில் கிடந்தார். அவர்தான் பின்னாளில் நாவலாசிரியரான செர்வான்தெஸ். 1605இல் வெளிவந்த 'டான் கிஹோத்தே' முதல் பாகத்தில் கைதி ஒருவன் தன் கதையைச் சொல்லும் அத்தியாயங்கள், ரெனெகாதோக்களை அருகிலிருந்து பார்த்த ஒருவர் எழுதியவை. உலுச் அலி ஏன் மாறினார் என்பதற்கு அந்தக் கைதி சொல்லும் காரணம், துடுப்பு வலித்துக்கொண்டிருந்தபோது ஒரு துருக்கியன் கன்னத்தில் அறைந்தான் என்பதும், அவனைப் பழிவாங்க வேண்டுமானால் அவனுக்குச் சமமான நிலைக்கு வர வேண்டியிருந்தது என்பதுமே. அதே மூச்சில், அவர் நல்ல மனிதர், தன் கைதிகளை மனிதத்தன்மையோடு நடத்தினார் என்றும் சொல்கிறான். எதிரிப் படையின் தலைவரை, அதுவும் சமயத்தைக் கைவிட்டவரை, போரில் கை செயலிழந்த ஒருவர் இப்படி எழுதினார் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

அந்த அத்தியாயங்களில் வேறொரு ரெனெகாதோவும் வருகிறான், முர்சியா ஊர்க்காரன். ஊர் திரும்ப எண்ணும் ரெனெகாதோக்கள் முக்கியமான கைதிகளிடம் கையொப்பம் வாங்கிய தாள்களை உடன் வைத்திருப்பார்கள் என்ற செய்தியை இவனை வைத்துத்தான் செர்வான்தெஸ் சொல்கிறார். இன்னார் நல்லவர், கிறித்தவர்களுக்கு உதவியவர், வாய்ப்புக் கிடைத்தால் தப்பிவிட எண்ணியிருந்தவர் என்பது தாளில் இருக்கும். ஸ்பானியக் கரையில் பிடிபட்டால் சமய விசாரணை மன்றத்தின்முன் நீட்ட வேண்டிய தாள் அது. கொள்ளையடிக்க வந்து மாட்டிக்கொண்டு அதே தாளை நீட்டி, திரும்பி வரத்தான் வந்தேன் என்று தப்பிப்பவர்களும் உண்டு என்று செர்வான்தெஸ் ஒளிக்காமல் எழுதுகிறார். மடித்துச் சட்டைக்குள் வைத்த ஒரு தாளில் ஒருவருடைய உயிர் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த மன்றங்களின் ஏடுகள் பெருமளவு எஞ்சியிருக்கின்றன. பிரெஞ்சு வரலாற்றாய்வாளர்கள் பார்த்தொலொமே பென்னசார், லூசீல் பென்னசார் இருவரும் சுமார் 1,550 ரெனெகாதோ வழக்குகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். வாயால் மறுதலித்தேன், நெஞ்சால் மறுதலிக்கவில்லை என்பதே அந்த வழக்குகளில் மீண்டும் மீண்டும் வரும் வாக்குமூலம். மன்றம் அதைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். தானாக வந்து முறையிட்டவர்களுக்குத் தவமும் மன்னிப்பும் கிடைத்தன; ஆயுதத்தோடு பிடிபட்டவர்களுக்கே துடுப்புத் தண்டனையும் அதைவிடக் கடியவையும். கொடுமைக்குப் பெயர்போன அந்த நிறுவனத்தை நான் எந்த வகையிலும் நியாயப்படுத்தவில்லை. யூதர்களையும், கிறித்தவராக்கப்பட்ட முஸ்லிம்களான மொரிஸ்கோக்களையும் அது என்ன செய்தது என்பது எல்லோரும் அறிந்தது. ஆனால் ரெனெகாதோ விஷயத்தில் அது பேதுருவின் குற்றத்தையும் யூதாஸின் குற்றத்தையும் பிரித்தே பார்த்தது. அவற்றை ஒன்றாக்கியவர்கள் அரசர்களும் படைத்தலைவர்களும்.

சொல்லின் ஓரவஞ்சனையையும் இங்கே குறிப்பிட வேண்டும். இஸ்லாத்துக்குப் போனவன் ரெனெகாதோ. இஸ்லாத்திலிருந்து வந்தவனுக்கு அந்தப் பெயர் இல்லை. கிரனாடாவில் பிறந்து மொராக்கோவின் ஃபெஸ் நகரில் வளர்ந்த அறிஞர் அல்ஹசன் அல்வஸ்ஸான் 1518இல் ஸ்பானியக் கடற்கொள்ளையரிடம் பிடிபட்டு, போப் பத்தாம் லியோவுக்குக் காணிக்கையாக்கப்பட்டு, 1520இல் ஞானஸ்நானம் பெற்றார். அவரை ஐரோப்பா லியோ ஆப்பிரிக்கானுஸ் என்று மதிப்போடு அழைத்தது. உலுச் அலியின் நிலைமைக்கும் இவருடைய நிலைமைக்கும் திசை ஒன்றைத் தவிர என்ன வேறுபாடு? துருக்கிய மொழியில், ரெனெகாதோ என்று ஐரோப்பியர் இகழ்ந்த அதே மனிதருக்கு 'முஹ்தெதி' என்று பெயர்: நேர்வழியை அடைந்தவர்.

இனி கோவா. 1510 நவம்பரில் போர்ச்சுகீசியப் படைத்தலைவர் அஃபோன்சோ தெ அல்புகெர்க்கே பிஜாப்பூர் சுல்தானகத்திடமிருந்து கோவாவை இரண்டாம் முறையாகக் கைப்பற்றினார். அடுத்த ஆண்டே மலாக்காவின் மேல் படையெடுக்கப் பெரும்பகுதி வீரர்களோடு கப்பலேறினார். பின்தங்கிய காவற்படை சிறியது. பிஜாப்பூர்ப் படை திரும்பி வந்து கோவாத் தீவின் கிழக்கு ஓரத்தில் பெனஸ்தரிம் கோட்டையைப் பிடித்துக்கொண்டது. சம்பளம் வராத, உணவு குறைந்த, தலைவன் திரும்புவானா என்றே தெரியாத அந்த மாதங்களில் போர்ச்சுகீசியச் சிப்பாய்கள் சிலர் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்து சமயமும் மாறினார்கள். அவர்களில் ஒருவர் ஃபெர்னாவ் லோபெஸ்.

1512இல் அல்புகெர்க்கே திரும்பி வந்து பெனஸ்தரிமை முற்றுகையிட்டார். கோட்டைத் தலைவர் ரசூல் கான் சரணடைய ஒப்புக்கொண்டபோது, தம்மிடம் அடைக்கலம் புகுந்தவர்களை ஒப்படைக்கத் தயங்கி, அவர்களுடைய உயிரைப் போக்கக் கூடாது என்று வாக்குப் பெற்றுக்கொண்டார். அல்புகெர்க்கே அந்த வாக்கைச் சொல்லளவில் காப்பாற்றினார். கோவாவில் மக்கள் பார்க்க அவர்களுடைய மூக்கும் காதுகளும் அறுக்கப்பட்டன; வலது கையும் இடது கைப் பெருவிரலும் வெட்டப்பட்டன; தலைமயிரும் தாடியும் பிடுங்கப்பட்டன. உயிர் மட்டும் போக்கப்படவில்லை. காயங்களினாலேயே பலர் இறந்தார்கள், லோபெஸ் பிழைத்துக்கொண்டார்.

இந்தத் தண்டனை எதைத் தண்டித்தது என்று பாருங்கள். சமயம் மாறியதற்கு என்றால் திருச்சபை முறைப்படி விசாரணை, தவம், மன்னிப்பு என்று ஒரு வழி இருந்தது. இங்கே அந்தப் பேச்சே இல்லை. வாளையும் துப்பாக்கியையும் இனி எவர் பக்கமும் நின்று பிடிக்க முடியாதபடி கை வெட்டப்பட்டது. இனி எந்தக் கூட்டத்திலும் மறைந்துகொள்ள முடியாதபடி முகம் சிதைக்கப்பட்டது. ரெனெகாதோ என்னும் சமயச் சொல் படைத்துரோகி என்னும் பொருளைக் கோவாவில் உடம்பின் மேலேயே எழுதிக்காட்டியது.

லோபெஸின் கதை அத்தோடு முடியவில்லை. 1515இன் இறுதியில் அல்புகெர்க்கே இறந்தபின் அவர் லிஸ்பன் செல்லும் கப்பல் ஒன்றில் ஏறினார். வழியில் ஆள் நடமாட்டமே இல்லாத செயின்ட் ஹெலினா தீவில் தண்ணீர் எடுக்கக் கப்பல் நின்றபோது இறங்கி ஒளிந்துகொண்டார். மாலுமிகள் தேடிக் காணாமல், கொஞ்சம் ரொட்டியும் உலர்ந்த இறைச்சியும் பழைய துணியும் கரையில் வைத்துவிட்டுப் புறப்பட்டார்கள். அடுத்து வந்த கப்பலிலிருந்து ஒரு சேவல் கடலில் விழுந்து கரையொதுங்க, அதை அவர் எடுத்துக் காப்பாற்றி வளர்த்தார் என்றும், அது அவர் பின்னாலேயே நடந்து இரவில் அவருடைய குகையில் அடைந்தது என்றும் காஸ்பர் கொரெயாவின் இந்திய வரலாறு கூறுகிறது. பெருவிரல் இல்லாத ஒரே கையை வைத்துக்கொண்டு, கப்பல்கள் விட்டுச்சென்ற விதைகளையும் கன்றுகளையும் நட்டார்; ஆடு, கோழி பெருகின. 1520களில் மூன்றாம் ஜுவாவ் மன்னரைக் காண லிஸ்பனுக்கு அழைத்துச் செல்லப்பட்டு, அங்கிருந்து ரோமுக்குப் போய்ப் போப் ஏழாம் கிளமெண்டிடம் பாவமன்னிப்புப் பெற்றார். பிறகு அவர் கேட்டது தீவுக்குத் திரும்பிச் செல்வதை மட்டுமே. 1540களின் நடுவில் அங்கேயே இறந்தார். மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் நெப்போலியனைக் கொண்டுபோய்ச் சிறைவைத்த தீவின் முதல் குடிமகன் இவர்தான். படைத்தலைவன் மூடிய வாசலைத் திருச்சபை திறந்தது என்பதைக் கவனியுங்கள். ஆனால் அதற்குள் மனிதர்களிடையே திரும்பும் விருப்பமே அவரிடம் அற்றுப்போயிருந்தது.

இவ்வளவு கடுமைக்குக் காரணம் வெறும் கோபமல்ல. ஆசியாவில் போர்ச்சுகீசியரின் ஆட்கள் மிகக் குறைவு. பீரங்கியும் கப்பற்கலையுமே அவர்களுடைய பலம். அந்த அறிவு ஓடிப்போகிறவனோடு சேர்ந்து ஓடியது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மிலான் ஊர்க்காரர் இருவர் போர்ச்சுகீசியக் கப்பலிலிருந்து கோழிக்கோட்டில் இறங்கி, அந்நாட்டு அரசர் சாமூதிரிக்குப் பீரங்கி வார்த்துக் கொடுத்தார்கள். இத்தாலியப் பயணி வர்தேமா அவர்களைச் சந்தித்ததாக எழுதுகிறார். ஊர் திரும்ப ஏங்கி மன்னிப்புக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்த வேளையில் விஷயம் வெளிப்பட்டு இருவரும் கோழிக்கோட்டிலேயே கொல்லப்பட்டார்கள். இரண்டு பக்கமும் துரோகியாகிச் செத்தவர்கள் இவர்கள். சற்றுப் பிந்தி, மத்தோசின்யோஸ் ஊர்ப் பீரங்கிக்காரர் சான்ஷு பிரெஸ் அகமத்நகர் நிஜாம் ஷாவின் படையில் ஃபிரங்கி கான் என்னும் பெயரோடு உயர்ந்தார். 1563இல் கோவாவில் மருந்துச் செடிகளைப் பற்றி நூல் வெளியிட்ட மருத்துவர் கார்சியா தெ ஓர்த்தா இவரை அறிந்தவராகவே எழுதுகிறார். அந்தப் பேச்சில் வெறுப்பைவிடப் பரிவே மிகுதி. ஓர்த்தாவே கட்டாயத்தால் கிறித்தவரான யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பது நினைவுக்கு வரும்போது அந்தப் பரிவுக்கு ஆழம் கூடுகிறது.

ஸ்பானியப் பேரரசில் இதற்கு இணையான பெயர் கொன்சாலோ குவெரேரோ. 1511இல் கப்பலுடைந்து மெக்சிகோவின் யுக்கத்தான் கரையில் ஒதுங்கியவர்களில் இருவரே எஞ்சினார்கள். ஒருவர் கெரோனிமோ தெ அகிலார். தம் செபப் புத்தகத்தைக் கைவிடாமல் அடிமையாகக் காலம் கழித்தார். மற்றவர் குவெரேரோ, மாயர் என்னும் அங்கத்திய தொல்குடி மக்களின் போர்த்தலைவராகி, அவர்களுக்குள்ளேயே மணம் செய்து, முகத்தில் பச்சை குத்தி, காது வளர்த்துக்கொண்டார். 1519இல் மெக்சிகோவை வெல்ல வந்த ஸ்பானியத் தலைவர் கோர்த்தெஸின் கப்பல்கள் வந்தபோது அகிலார் ஓடிப்போய்க் குவெரேரோவை அழைக்க, எனக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள், இந்த முகத்தோடு வந்தால் ஸ்பானியர் என்ன சொல்வார்கள், என் பிள்ளைகள் எவ்வளவு அழகாயிருக்கிறார்கள் பார் என்று அவர் மறுத்ததாகவும், அவர் மனைவி அகிலாரைத் திட்டி விரட்டியதாகவும் கோர்த்தெஸின் படைவீரர் பெர்னால் தியாஸ் பல பத்தாண்டுகள் கழித்து எழுதினார். குவெரேரோவைப் பற்றி வரலாற்றாசிரியர் ஒவியெதோ கொட்டும் வசவு அளவிட முடியாதது. 1536இல் ஹோண்டுராஸில் ஸ்பானியரை எதிர்த்துப் போரிட்டுத் துப்பாக்கிக் குண்டுக்கு இரையான, உடலெல்லாம் பச்சை குத்திய ஸ்பானியன் ஒருவனைப் பற்றி மன்னருக்குக் கடிதம் போனது. அவர் குவெரேரோவே என்று பொதுவாகக் கருதப்படுகிறது. இன்றைய மெக்சிகோவில் அவருக்குச் சிலை இருக்கிறது. மாயர் இனப் பெண்ணுக்கும் ஸ்பானிய ஆணுக்கும் பிறந்த கலப்பின மக்களின் தந்தை என்று கொண்டாடுகிறார்கள். லெ காஸ்தெல்லாவிலும் உலுச் அலிக்குச் சிலை வைத்திருக்கிறார்கள்.

ஆங்கிலத்துக்கு வருவோம். இந்த வேரிலிருந்து அங்கே முன்பே ஒரு சொல் இருந்தது: 'ரெனிகட்'. அதன் வேர் புரியாத பொதுமக்கள், ஓடுதல் என்னும் தங்கள் சொல்லை அதில் கேட்டு, 'ரனகேட்' என்று மாற்றிவிட்டார்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் செபநூலிலுள்ள 68ஆம் சங்கீதத்தில் இந்த வடிவத்தை இன்றும் காணலாம். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் மத்தியதரைக் கடல் வணிகமும் ஸ்பெயினுடனான போரும் ஸ்பானிய வடிவத்தைப் புதிதாகக் கொண்டுவந்தன. சுமார் 1601இல் ஷேக்ஸ்பியரின் நாடகப் பாத்திரம் ஒருத்தி, முட்டாள்தனமாக உடுத்தி வரும் மால்வோலியோ புறச்சமயியாகிவிட்டான், ரெனெகாதோவே ஆகிவிட்டான் என்று சொல்லிச் சிரிக்கிறாள். அரங்கில் இருந்தவர்கள் விளக்கமின்றியே சிரிக்கும் அளவுக்குச் சொல் அதற்குள் பரவியிருந்தது.

அந்தக் காலத்தில் ஆங்கிலேயரே கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். 1604இல் ஸ்பெயினோடு சமாதானம் ஏற்பட்டதும் வேலையிழந்த மாலுமிகளுள் ஒருவரான ஜான் வார்ட், தூனிஸ் சென்று யூசுஃப் ரெயிஸ் என்னும் பெயரில் கொள்ளைக் கப்பல் தலைவராகிச் செல்வத்தோடு வாழ்ந்து 1622இல் அங்கேயே இறந்தார். திரும்பி வந்தவர்களை என்ன செய்வது என்பதற்கு 1637இல் இங்கிலாந்துப் பேராயர் லாட் காலத்தில் ஒரு சடங்குமுறையே வகுக்கப்பட்டது. அதன்படி மனம் திரும்பியவர் வெள்ளைத் துணி போர்த்தி, கையில் வெண்கோலோடு, தலை மூடாமல், கவிழ்ந்த முகத்தோடு, வழிபாட்டு நேரம் முழுவதும் கோயில் வாசல் மண்டபத்தில் நிற்க வேண்டும். பிறகு படிப்படியாக உள்ளே அழைத்துக்கொள்வார்கள்.

இங்கேயும் இரு குற்றங்களின் வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1631 ஜூனில் அயர்லாந்தின் பால்ட்டிமோர் என்னும் கடற்கரை ஊரைக் கொள்ளையர் இரவில் சூழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோரைப் பிடித்துச் சென்றார்கள். அவர்களுடைய தலைவர் முராத் ரெயிஸ், ஹார்லெம் நகரில் பிறந்த டச்சுக்காரர், அசல் ரெனெகாதோ. ஆனால் அந்த ஊருக்கு வழிகாட்டியவர் முந்தைய நாள் அவர்களிடம் பிடிபட்ட ஹேக்கெட் என்னும் ஐரிஷ் மீன்படகுத் தலைவர். அவர் மதம் மாறவில்லை, யாரையும் மறுதலிக்கவில்லை, காட்டிக்கொடுத்தார். பின்னர் தூக்கிலிடப்பட்டவரும் அவரே. முராத் மறுதலித்தவர், ஹேக்கெட் துரோகி.

18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலச் சொல் சமயத்தை விட்டு இனத்தின் மேல் தாவியது. சிறுவனாகச் செனக்கா என்னும் அமெரிக்கத் தொல்குடி மக்களால் பிடிக்கப்பட்டு அவர்களிடையே வளர்ந்த சைமன் கெர்ட்டி 1778இல் அமெரிக்கப் புரட்சியாளர்களை விட்டுப் பிரித்தானியர் பக்கமும் தொல்குடிகள் பக்கமும் சேர்ந்தபோது, 'வெள்ளை ரெனிகேட்' என்று அவர் பெயர் பிள்ளைகளைப் பயமுறுத்தும் பெயரானது. அவருக்குக் கனடாவில் வந்த பெயர் விசுவாசி. பிறகு அரசியல் கட்சிகள் சொல்லை எடுத்துக்கொண்டன. ரஷ்ய மொழிக்கும் போய்ச்சேர்ந்த அந்தச் சொல்லை 1918இல் லெனின் மார்க்சியச் சிந்தனையாளர் காவுத்ஸ்கியின் மேல் வீசினார். தமிழ் மார்க்சிய எழுத்துகளில் அது 'ஓடுகாலி காவுத்ஸ்கி' என்று வழங்குகிறது. தமிழாக்கியவருக்கு ரனகேட் நினைவில் இருந்ததோ இல்லையோ, ஆங்கிலப் பொதுமக்கள் கேட்ட அதே ஓட்டத்தை அவரும் கேட்டிருக்கிறார். இன்றைய ஆங்கிலத்தில் ரெனிகேட் என்பது கட்டுக்கடங்காதவன் என்னும் பெருமிதப் பெயராகவே மாறிவிட்டது. ஒரு ஜீப் வண்டிக்கு அந்தப் பெயரை வைத்து, ரெனெகாதோ வசவாகவே இருக்கும் பிரேசிலில்கூட அதைத் தயாரித்து விற்கிறார்கள்.

எனவே உங்கள் மொழிபெயர்ப்புக்கு நான் சொல்வது இது. குறிப்பு 17ஆம் நூற்றாண்டு வரையிலானதாகவும், பேசப்படுபவர் சமயம் மாறியவராகவும் இருந்தால் 'மறுதலித்தவர்' என்று எழுதுங்கள். வாசகருக்கு அது உடனே விளங்கும், வரலாற்றுக்கும் உண்மையாக இருக்கும். எழுதியவரின் வெறுப்பும் தொனிக்க வேண்டுமானால் 'மதத்தை மறுதலித்தவன்' என்று ஒருமையில் எழுதலாம். அல்புகெர்க்கேயின் கடிதங்களையோ அவர் புகழ் பாடும் நூல்களையோ பெயர்ப்பதாயிருந்தால், அங்கே சமயமும் படைவிசுவாசமும் பிரிக்க முடியாமல் கலந்திருப்பதால், 'ரெனெகாதோ' என்றே தமிழ் எழுத்தில் வைத்து முதல் இடத்தில் மட்டும் ஒரு வரி விளக்கம் கொடுப்பது நல்லது. 19ஆம் நூற்றாண்டுக்குப் பிந்திய அரசியல் எழுத்தில் 'ஓடுகாலி' பொருந்தும். மூல ஆசிரியர் 'த்ரைதோர்' என்று எழுதியிருக்கும் இடங்களுக்கே 'துரோகி'யை ஒதுக்கி வையுங்கள். போர்ச்சுகீசிய ஆசிரியர்கள் பல இடங்களில் இரண்டையும் அடுத்தடுத்துப் பயன்படுத்துவதால், இரண்டுக்கும் துரோகி என்றே எழுதினால், அவர்கள் ஒரே ஆளின் மேல் சுமத்திய இரண்டு குற்றங்களில் ஒன்று தமிழில் காணாமல் போய்விடும்.